வெள்ளீயத் தொட்டியும் ரசச் சொம்பும்

நான் வேலை பார்த்த இடத்தின் நாற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். பேருந்து நிலையக் கழிப்பறையில் ஊற்றுகிற பினாயில், அதன் மேல் பழைய தோலை வேகவைத்த நெடி, இரண்டுக்கும் அடியில் தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும் அமிலம். இந்த மூன்றும் கலந்து நாள் முழுவதும் மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும். குளித்துவிட்டுக் கிளம்பினாலும், காரின் கண்ணாடியை இறக்கிவிட்டாலும், சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீடு வரை அது மூக்குக்குள்ளேயே உட்கார்ந்து வரும்.

அங்கே நாங்கள் வெள்ளீயத்தை, அதாவது டின்னை, சுத்தம் செய்தோம். பழைய தொலைக்காட்சி, கம்ப்யூட்டர் பலகைகளில் பற்றவைத்த ஈயத்தைச் சுரண்டி எடுத்த கசடு, டிரம் டிரம்மாக வந்து இறங்கும். அதை உருக்கித் தடித்த தகடுகளாக வார்த்து அமிலத் தொட்டியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு அழுக்குத் தகட்டுக்கும் எதிரே காகிதம் மாதிரி மெல்லிய சுத்தத் தகடு ஒன்று தொங்கும். மின்சாரத்தை விட்டால் அழுக்குத் தகட்டிலிருக்கும் வெள்ளீயம் மட்டும் கரைந்துபோய் எதிரே இருக்கிற தகட்டில் படியும். காரீயம் என்கிற லெட், ஆன்டிமனி, பிஸ்மத் எல்லாம் வர மாட்டேன் என்று நின்றுவிடும். நின்றது கருப்புச் சேறாக, தகட்டைச் சுற்றிக் கட்டியிருக்கும் துணிப்பையில் தேங்கும். நான் அங்கே கெமிஸ்ட். அந்தப் பையைப் பிரித்துச் சேற்றை வழித்துப் பரிசோதிப்பது என் வேலை. வாரக்கணக்கில் அடைத்துக்கொண்ட சாக்கடையை வழித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கையுறைக்கு மேல் கையுறை போட்டாலும் விரல் கூசும்.

ஆனால் எனக்கு அதைவிட அருவருப்பானது பசை கரைக்கிற வேலை. தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசைதான். காலையில் வந்ததும் அதை ஊறவைத்து, இளஞ்சூட்டில் கரைத்து, தொட்டிக்குள் அளவாக விட வேண்டும். விடாவிட்டால் வெள்ளீயம் ஒழுங்காகத் தகடாகப் படியாது. ஊசி ஊசியாக, கிளை கிளையாக முளைத்துக்கொண்டு போய் எதிர்த் தகட்டைத் தொட்டுவிடும். தொட்டதும் மின்சாரம் குறுக்கே பாய்ந்து அன்றைய வேலை பாழ். உலகத்திலேயே சுத்தமான வெள்ளீயம் மாட்டுத்தோல் கஞ்சி குடித்துத்தான் நேராக வளர்கிறது என்று ஒரு நாள் வீட்டில் சொன்னேன். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"சாப்பிடுற இடத்துல இதெல்லாம் பேசாத. கருமம்" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரமட்டாவில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே செய்வார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அவருக்குப் பிடித்த போதை வேறு. யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை காலையில் என்னுடைய நான்ஸ்டிக் தோசைக்கல்லைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அடுத்து பிளாஸ்டிக் டப்பாக்கள் போயின. பிறகு ஊரிலிருந்து பார்சல் வரத் தொடங்கியது. இரும்புச் சட்டி, கல்சட்டி, செம்புக் குடம். கடைசியாக, ரசம் வைக்க ஓர் ஈயச் சொம்பு.

ஈயச் சொம்பு ரசத்துக்கு ஒரு தனி மணம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. வெள்ளீயத்தை அடித்து அடித்துச் செய்கிற பாத்திரம் அது. புளித்தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைத் தாமே கண்டுபிடித்தவர்போல என் கணவர் விளக்குவார். கேட்பவர்களில் யாராவது, 'உங்க வொய்ஃப் வேலை பாக்கறதே வெள்ளீயத்துலதானே?' என்று என் பக்கம் திரும்பினால் போதும். "அது ஃபாக்டரிச் சரக்கு. இது பாரம்பரியம்" என்று வெட்டிவிடுவார். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று எனக்குள் சொல்லிக்கொண்டு காபி போடப் போய்விடுவேன்.

அவர் நடத்திய வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடுகள். தினமும் காலையில் எது விஷம் என்று ஒரு செய்தி போடுவார். அவர் சொன்னதைக் கேட்டு எல்லோருக்கும் ஈயச் சொம்பு ஆசை வந்துவிட்டது. தாம் வாங்கிய கடையிலேயே சொல்லி, மொத்தமாக வரவழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார் ஷெட்டில் வைத்து விநியோகம் செய்தார். அன்று அவர் முகத்தில் கல்யாணவீட்டுக் களை.

எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. நான் வீடு திரும்ப ஏழு மணி ஆகும் என்பதால் சாயங்காலச் சாப்பாடு அவர் பொறுப்பு. பருப்பும் ரசமும் சோறும் குழையப் பிசைந்து ஊட்டிவிடுவார். அவருக்கும் அதுதான். எனக்கு மட்டும் தயிர்சோறு. நாளெல்லாம் அமிலத்தை முகர்ந்துவிட்டு வந்து புளி வாசனையைச் சகிக்க என்னால் முடியாது.

அந்த வருடம் குளிர்காலத்தில் மகள் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சாப்பாட்டைத் தள்ளினாள். ஓடியாடுகிற பிள்ளை சோபாவில் சுருண்டு கிடந்தாள். டாக்டரம்மா இமைகளை இழுத்துப் பார்த்தார், இரத்தசோகை என்றார், பிறகு பேச்சோடு பேச்சாக அப்பா அம்மா என்ன வேலை என்று கேட்டார். நான் சொன்னதும் அவர் தட்டச்சு செய்வது நின்றது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் இன்னொன்றைச் சேர்த்தார். முடிவு வந்தபோது பிள்ளையின் இரத்தத்தில் காரீயம் இருந்தது. இருக்கக் கூடாத அளவில் இருந்தது. வளர்கிற மூளையைக் கெடுக்கும் என்று டாக்டரம்மா மென்மையாகத்தான் சொன்னார். எந்த மென்மையாலும் அந்த வார்த்தையைத் தேய்க்க முடியாது.

என் கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தார்.

எங்கள் இடத்தில் காரீயத்துக்கு எல்லா விதியும் இருந்தது. வேலை உடுப்பு அங்கேயே கிடக்கும், அவர்களே துவைப்பார்கள். முடிந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும், வேறு உடுப்பு, வேறு செருப்பு. எங்கள் இரத்தத்தையும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பார்கள். இதையெல்லாம் சொன்னேன். "அப்ப வேற எங்கிருந்து வந்துச்சு?" என்று அவர் கேட்டார். அந்தச் சேற்றை வழிக்கிறவள் நான்தானே. வேறு யாரைக் காட்டுவேன்?

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து நிறையக் கேட்டாள். பழைய பெயிண்ட் உரிகிறதா, தோட்டத்து மண்ணில் பிள்ளை விளையாடுகிறாளா, நாட்டு மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா, வெளிநாட்டுப் பாத்திரம் பண்டம் ஏதும் உண்டா. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் கணவர்தான் பதில் சொன்னார். பாத்திரம் என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் கிடையாது, நான்ஸ்டிக் கிடையாது, எல்லாம் இயற்கையானவை என்று ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. சாமி படத்தை யாரும் சந்தேகிப்பார்களா? அதுபோலத்தான் அவருக்கு அந்தச் சொம்பு. நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. என் மண்டைக்குள் முழுக்க அந்தக் கருப்புச் சேறு.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குத் தனிச் சட்டம். அங்கே குளித்தது போதாது, வந்ததும் கார் ஷெட்டை ஒட்டிய துவைக்கும் அறையில் மறுபடி குளிக்க வேண்டும். என் துண்டு தனி, என் உடுப்புகளுக்கு வாஷிங் மெஷின் ஓட்டம் தனி. சோபாவில் நான் உட்காரும் இடத்தில் ஒரு பழைய விரிப்பு. மகள் கதவருகே ஓடி வந்தால், "டோன்ட் டச்! அம்மா இன்னும் குளிக்கல" என்று அவர் குரல் முன்னால் வந்து நிற்கும். நான்கு வயதுப் பிள்ளைகள் சட்டத்தைச் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன. சில நாட்களில் அவள் ஓடி வருவதை நிறுத்திவிட்டாள். தூரத்தில் நின்று, "அம்மா, ஆர் யூ க்ளீன்?" என்று கேட்கத் தொடங்கினாள். குளித்து முடித்து, தலை ஈரத்தோடு வந்து, ஆமாம் என்று சொன்னாலும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பக்கத்தில் வருவாள்.

அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதில் என் உடம்பே எனக்கு வேண்டாததாகிவிட்டது. நகத்தைத் தோலோடு வெட்டினேன். காதுக்குப் பின்னால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கினேன். கண்ணாடியில் பார்த்தால் அந்தச் சேற்றுப் பையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

விஷயம் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கும் போய்விட்டது. என் கணவர்தான் சொன்னார், ஆறுதலுக்காக. பூங்காவில் ஒரு பிறந்தநாள் விழா. நான் கேக் துண்டுகளைத் தட்டில் எடுத்து நீட்டினேன். பிள்ளைகளின் அம்மாக்கள் சிரித்துக்கொண்டே, இப்போது வேண்டாம், பிறகு என்றார்கள். அதே தட்டை வேறொருத்தி வாங்கி நீட்டினாள், எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சிரிப்பு மாறவே இல்லை. சீ என்று இருந்தது. அவர்கள் மேலா என் மேலா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நீண்ட விடுப்பு எடுத்தேன். திரும்பப் போகப் போவதில்லை என்றே நினைத்திருந்தேன். என் கணவர் கம்பளத்தைக் கிழித்து எறிந்தார், என் கார் இருக்கைகளை ஆள் வைத்துக் கழுவினார், என் பழைய உடுப்புகளைக் கட்டித் தூக்கிப் போட்டார். அதோடு நிற்கவில்லை. உடம்பில் ஏறிய நஞ்சை முறிக்க வேண்டும் என்று ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். சாயங்காலம் மட்டும் இருந்த ரசம் காலையிலும் வந்தது. மிளகு, மஞ்சள், பூண்டு, புளி கொஞ்சம் தூக்கலாக, சொம்பில் நிதானமாகக் கொதிக்கவிட்டு, ஆற்றி, தம்ளரில் ஊற்றிப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தார். அவள் முகத்தைச் சுளித்தால் கதை சொல்லிக் குடிக்கவைத்தார். நான் அடுத்த அறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தேன். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் குழியை அன்போடு பறித்தார்.

அடுத்த பரிசோதனையின் முடிவு கேட்கப் போனோம். அளவு குறைந்திருக்கும் என்று மூவருமே நம்பிப் போனோம். கூடியிருந்தது.

"உன் தலைமுடியில இருக்கும். வருஷக் கணக்கா ஊறினது" என்றார் என் கணவர், காரில் வரும்போது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு அடியில், எத்தனையோ நாளைக்குப் பிறகு, நான் படித்த படிப்பு மெல்ல எழுந்து உட்கார்ந்தது. நான் தொட்டியை விட்டு விலகிய பிறகு அளவு கூடுகிறது. என் இரத்தத்தில் எப்போதும் குறைவாகவே இருந்திருக்கிறது. சேற்றில் கை வைப்பவளுக்கு இல்லாதது அவள் பிள்ளைக்கு எப்படி வரும்? பிள்ளை தின்கிற ஏதோ ஒன்றை நான் தின்பதில்லை.

வழியில் மகளை மழலையர் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போனேன். சொம்பு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கையில் எடுத்தபோதே வெள்ளீயத்துக்கு இருக்க வேண்டியதைவிடக் கனம் கூடுதலாகப் பட்டது. சுத்தமான வெள்ளீயத்தை வளைத்தால் சத்தம் போடும். நெறுநெறுவென்று, பல்லைக் கடிப்பது மாதிரி. எங்கள் இடத்தில் அதை அழுகை என்போம். தொட்டியிலிருந்து எடுத்த தகட்டின் ஓரத்தைக் காதருகே வைத்து வளைத்து அதைக் கேட்பது எனக்குப் பழக்கம். காரீயம் கலந்துவிட்டால் அந்தக் குரல் போய்விடும். சொம்பின் விளிம்பைக் காதருகே வைத்து இரண்டு கட்டைவிரலாலும் வளைத்தேன். ஈரத் துணியை மடிப்பதுபோல் சத்தமே இல்லாமல் மடிந்தது.

அவர் மேல்மாடியில் மீட்டிங்கில் இருந்தார். சொம்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு வேலையிடத்துக்கு வண்டியை விட்டேன். உலைப் பக்கம் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அங்கே இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார். உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் என்னென்ன எவ்வளவு என்று திரையில் வரும். வருகிற கசடையெல்லாம் அவர் அதில்தான் பார்ப்பார். சொம்பை நீட்டினேன். அழுத்திப் பார்த்தார். அடியில், கழுத்தில், விளிம்பில் என்று மாற்றி மாற்றி அழுத்தினார்.

"எங்கால எடுத்தனீங்கள் இந்தக் கழிசலை?" என்றார். "மூண்டில ஒரு பங்கு காரீயம், தங்கச்சி. நாங்கள் தொட்டியில தொங்கவிடுற ஊத்தைத் தகடே இதைவிடத் திறம்."

"ரசம் வெக்கற பாத்திரம் அண்ணா" என்றேன்.

அவர் கருவியைக் கீழே வைத்தார். பிறகு, "பிள்ளையோ?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். ஓரமாகப் போய்க் குனிந்து வாந்தி எடுத்தேன். அந்த நாற்றத்தின் நடுவே இத்தனை வருடத்தில் ஒரு நாளும் எடுக்காத வாந்தி அன்று வந்தது. ஆற்றி ஆற்றித் தம்ளரில் ஊற்றியது கண்ணுக்குள்ளேயே நின்றது. புளியும் கொதியுமாகக் காரீயத்தைக் கரைத்து எடுத்து, கதை சொல்லி ஊட்டியிருக்கிறோம். நாங்கள் தொட்டியில் வெளியே பிடித்து நிறுத்துகிற சேறு, என் பிள்ளையின் எலும்பில் போய்ப் படிந்திருக்கிறது.

மழலையர் பள்ளிக்கு நேரே போனேன். மகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வழக்கம்போல் கொஞ்சம் தள்ளி நின்றாள். கேள்வி அவள் வாயில் வருவதற்கு முன்பே வாரி எடுத்துக்கொண்டேன். திமிறினாள். "அப்பா வில் பீ மேட்" என்றாள். ஆகட்டும் என்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் கை என் கழுத்தைச் சுற்றி வந்தது.

வீட்டில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் கருவி தப்பு என்றார். பிறகு, அந்தக் கடை தலைமுறை தலைமுறையாக நடக்கிற கடை என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரோடு என்ன பேசுவது? உங்கள் இரத்தத்தையும் பாருங்கள் என்றேன். உடனே கிளினிக்குக்குப் போய்ப் பார்த்தார். மகளுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. அதைப் படித்த பிறகு நெடுநேரம் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுதார். அவர் மேல் இரக்கம்கூட வந்தது. பிள்ளைக்கு நஞ்சு ஊட்ட நினைத்தவர் இல்லையே அவர்.

அந்த இரக்கம் மறுநாள் காலை வரைதான் தாங்கியது.

"குரூப்ல உடனே சொல்லுங்க. எல்லார் வீட்டுலயும் அதே சொம்புதான்" என்றேன்.

"சொல்றேன். பக்குவமா சொல்லணும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் செய்தி போட்டார். எனக்கும் வந்தது. நண்பர்களே, ஈயச் சொம்புகளுக்கு ஒருமுறை பாலிஷ் தேவைப்படுவதாகத் தெரிகிறது, அதுவரை முடிந்தால் உபயோகத்தைக் குறைத்துக்கொள்ளவும், நன்றி. கீழே கை கூப்பும் படம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்ன என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பத்து நிமிடத்துக்குள் பெருவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"காரீயம்னு ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"எல்லாரும் என்னை என்ன நெனப்பாங்க? நம்பி வாங்கினாங்க."

"நம்ம பொண்ணுக்கு எதனால வந்துச்சுன்னு கேட்டா?"

அவர் கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டே சொன்னார். "அதுதான் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியுமே, உன் வேலைன்னு. அது அப்படியே இருக்கட்டும். நீதான் வேலைய விட்டுட்டியே, உனக்கு என்ன நஷ்டம்?"

எத்தனையோ வருடம் சேற்றை வழித்திருக்கிறேன். ஒரு மனிதரைப் பார்த்து அப்படிக் குமட்டியது அதுதான் முதல் தடவை. பதில் சொன்னால் அவர் பக்குவமாக இன்னொன்று சொல்வார். நான் குழுவில் உண்மையை எழுதினேன். உடனே அழித்துவிட்டார், நடத்துகிறவர் அவர்தானே. மறுபடி எழுதப் போனபோது நான் குழுவிலேயே இல்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது அடுத்த தெருவில் இருந்த ஒரு இலங்கைத் தமிழ்ப் பெண்ணின் வீட்டுக்கு. முதல் பிள்ளைக்காக நெடுநாள் காத்திருந்து அப்போது ஆறு மாதக் கர்ப்பம். எங்கள் கார் ஷெட்டில் சொம்பு வாங்கிக்கொண்டு போன அன்று அவள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். மணியை அடித்தேன். கதவைப் பாதி திறந்தாள், என்னைப் பார்த்ததும் ஒரு கை வயிற்றுக்குப் போனது.

"அக்கா, குறை நினையாதேங்கோ. வயித்தில பிள்ளை. வெளியில நிண்டே கதைப்பமே?"

உள்ளேயிருந்து மிளகும் புளியும் கொதிக்கிற மணம் வந்தது.

"அடுப்புல என்ன வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"ரசம் அக்கா. வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்கிறதுக்கு அதுதான் கேக்குது. உங்கட வீட்டு அண்ணைதான் ஒவ்வொரு நாளும் குடிக்கச் சொன்னவர்."

"முதல்ல அடுப்ப அணை. அந்தச் சொம்புல காரீயம் இருக்கு. என் பொண்ணுக்கு வந்ததும் அதுலேருந்துதான்."

"இல்லை அக்கா, அது உங்கட வேலையால எண்டுதானே அண்ணை சொன்னவர்? சொம்புக்குப் பாலிஷ்தானே போட வேணுமாம்?" அவள் பரிதாபமாக என்னைப் பார்த்தாள். பழியைத் தூக்கிச் சொம்பின் மேல் போட வந்திருக்கிறாள் பாவம் என்கிற பார்வை. கதவு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது.

அவளைத் தள்ளவில்லை. ஆனால் கதவைத் தள்ளினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நடந்து, அடுப்பை அணைத்து, கிடந்த துணியால் சொம்பைப் பிடித்து ரசத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினேன். அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். தொடாதேங்கோ, ஒண்டையும் தொடாதேங்கோ என்று. புது வீடு, சமையலறைச் சுவர் பளிச்சென்று வெள்ளை. சொம்பின் விளிம்பை அந்தச் சுவரில் வைத்து அழுத்தி இழுத்தேன். பென்சிலால் கீறியதுபோல் சாம்பல் நிறத்தில் தடித்த கோடு ஒன்று விழுந்தது.

"வெள்ளீயம் இவ்வளவு கருப்பா எழுதாது. எழுதுறது காரீயம். வேணும்னா என்னை நம்பாத. டாக்டர்கிட்ட போய் இரத்தத்தப் பாரு. இப்பவே பாரு."

அவள் கோட்டைப் பார்த்தாள். விரலால் தொட்டாள், விரலில் ஒட்டியது. கத்துவது நின்றுவிட்டது. கொட்டிய ரசம் தொட்டியில் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இண்டைக்குக் காலமையும் குடிச்சனான்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு என் பக்கம் திரும்பி, "என்ர மனுசன் வேலைக்குப் போயிட்டார். என்னட்டக் கார் இல்லை, அக்கா."

என் காரின் முன்கதவைத் திறந்துவிட்டேன். ஏறும் முன் இருக்கையை ஒரு தரம் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கிளினிக் போகும் வழியில் என் மகளுக்கு இப்போது அளவு எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். அது கூடுதலா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.